அதே விளம்பி, வேறு சூரியன்

கேள்வி: சீனர்களின் எலி, நாய், டிராகன் ஆண்டுகள் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திரும்புகின்றன. சூரியனின் கரும்புள்ளிகளும் பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை பெருகுகின்றன. அதைப் பார்த்துத்தான் இதை வகுத்தார்களோ? (நாகர்கோவில்)

பதில்: அவர்கள் பார்த்தது வியாழனை. ஒரு சுற்றுக்கு அதற்கு 11.86 ஆண்டு. நம் மகாமகமும் வியாழன் கணக்குத்தான். கரும்புள்ளியையும் சீனர்கள் வெறுங்கண்ணால் கண்டு கி.மு. 28இலேயே எழுதிவைத்தார்கள். அதில் ஒரு சுற்று உண்டென்று சொன்னவர் ஜெர்மானியர் ஷ்வாபே, 1843இல்.

கேள்வி: ஒரு வருஷம்தானே வித்தியாசம், விட்டுவிடக் கூடாதா? (தக்கலை)

பதில்: கடனுக்கு வட்டி போலத்தான் இதுவும். வருஷம் ஏற ஏற வித்தியாசமும் ஏறும். அறுபது ஆண்டில் பன்னிரண்டு ஐந்து முறை வரும், பதினொன்று ஏறக்குறைய ஐந்தரை முறை வரும். அந்த அரைச் சுற்றுதான் வழக்கையே முடித்துவிடுகிறது.

1958இல் நம் அறுபது ஆண்டுச் சுற்றில் விளம்பி பிறந்தது. சீனர்களுக்கு நாய் ஆண்டு. மலையில் பன்னிரண்டு வருஷத்துக் குறிஞ்சி பூத்தது. சூரியன் அப்போது உச்சத்தை ஒட்டி இருந்தது, அதுவும் பதிவான சுற்றுகளிலேயே மிகப் பெரிய உச்சம். 2018இல் மறுபடி விளம்பி, மறுபடி நாய், மறுபடி குறிஞ்சி. சூரியன் மட்டும் பல நாள் ஒரு புள்ளிகூட இல்லாமல் வெறுமையாக இருந்தது. மூன்று சாட்சிகளும் சரியாக வந்து நின்றன, சூரியன் வரவில்லை. அது பஞ்சாங்கத்தின் குற்றமல்ல. சூரியனின் பதினொன்று வெறும் சராசரி. ஒன்பதிலும் முடியும், பதினாலு வரையும் இழுக்கும்.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் பெயர்களைவிட நம் ஊர்க் கொல்லம் ஆண்டே எனக்குப் பிடிக்கும். 825இல் தொடங்கி நேரே எண்ணிக்கொண்டு போகிறது. விளம்பி என்றால் எந்த விளம்பி என்று கேட்க வேண்டும். கொல்லம் 1133 என்றால் ஒன்றே ஒன்றுதான்.

கேள்வி: சூரிய ஆராய்ச்சியில் நம் பக்கத்துக்குப் பங்கு உண்டா? (பூதப்பாண்டி)

பதில்: உண்டு, அது அகத்தியர் மலையில். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்த காலம். திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தை நடத்திய ஜான் ஆலன் பிரவுன், 1855இல் அந்த மலையில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் காந்த ஊசியின் அசைவைக் குறித்துவைக்கச் செய்தார். சூரியன் தன்னைத்தானே சுற்றும் கணக்கு, சுமார் 26 நாள், பூமியின் காந்தத்திலும் தெரிகிறது என்று கண்டவர் அவர். ஆனையும் அட்டையும் உள்ள காட்டில் அப்படி உழைத்தவர்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

கேள்வி: புள்ளி பெருகினால் கும்பப்பூ நெல் நன்றாக விளையுமா? (தோவாளை)

பதில்: உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே சூரிய ஒளி மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. விளைச்சலுக்கு அதை விட்டுவிட்டு, பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைவரம்பு வரை வந்ததா என்று பாருங்கள்.