கரிமா சித்தி

மூன்று கிலோ வடாமை அயல்நாட்டு மகனுக்கு அனுப்பப் புறப்படும் தாயார், கூரியர் கடையார் பரம கருணையோடு விலைக்குத் தரும் 50 சென்டிமீட்டர் நீளமும் 40 அகலமும் 30 உயரமுமுள்ள அட்டைப்பெட்டியில் அதை வைத்துவிட்டால், மூன்றளவையும் பெருக்கி 5000-ஆல் வகுக்கும் அவர்களது சாஸ்திரப்படி அது 12 கிலோவாகிவிடுகிறது. எடை பெருகும் கரிமா சித்திக்காகக் குகைகளில் தவங்கிடந்தோர் இந்தக் கூரியர் மேஜையை அறியாமற்போனது பரிதாபமே. வடாம் சொற்பம், காற்றே பிரதானம். காற்றுக்கும் விமானக் கட்டணமுண்டு. ஆகையால் வீட்டிலேயே கச்சிதமான பெட்டியொன்றில் அடைத்து, எடையும் அளவும் குறித்துக்கொண்டு, அஞ்சலகத்தில் கட்டணம் விசாரித்தபின், அதிவிரைவுச் சேவையையும் மறுத்து (வடாமுக்கு என்ன அவசரம்?) கடைப்படி ஏறுவது உசிதம். பையிலிருந்து அளவுநாடா வெளிவருங்கால் கடையார் முகத்தில் உதிக்கும் வைராக்கியத்துக்கு மட்டும் இதுவரை கட்டணம் விதிக்கப்படவில்லை.