மாபெரும் பேஸ்பால் ஆட்டக்காரர் யார்? தீராத வழக்கு ஒன்றின் இலக்கணம்

1. ஆய்வுப் பொருள்

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு சலுகை உண்டு. பேட்ஸ்மேன்களில் பெரியவர் யார் என்று சண்டை முற்றினால் யாராவது ஒருவர் பிராட்மனின் 99.94ஐ எடுத்துப் போடுவார், கூட்டம் கலைந்துவிடும். அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எண்களுக்கு அங்கே பஞ்சமில்லை. நேஷனல் லீக் தொடங்கிய 1876லிருந்து யார் எத்தனை அடித்தார், யார் எத்தனை பேரை வீழ்த்தினார் என்று எழுதி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒருவர் ஓர் எண்ணைக் காட்டினால் எதிரே இருப்பவர் இன்னோர் எண்ணைக் காட்டுகிறார். வழக்கு நூறாண்டாக நடக்கிறது.

இவ்வழக்கில் பேப் ரூத் பெரியவரா, வில்லி மேஸ் பெரியவரா என்று தீர்ப்புச் சொன்னவர்கள் ஏராளம். தீர்ப்பு எப்படிப் பிறக்கிறது என்பதே இங்கு ஆய்வுக்குரியது. நமது கருதுகோளை ஒரு நூற்பாவாகச் சொல்லலாம்: விடை முந்தும், அளவுகோல் பிந்தும்.

இதன் உரை: வாதிடுபவர் தம் நாயகரைப் பன்னிரண்டு வயதிலேயே தேர்ந்தெடுத்துவிடுகிறார். அந்த நாயகரை முதலிடத்தில் உட்காரவைக்கும் கணக்கு எது என்று தேடுவதில் மீதி ஆயுள் கழிகிறது.

2. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் தலைமைப் பீடம் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழரங்கம். 1839இல் ஆப்னர் டபுள்டே என்பவர் அந்த ஊரில்தான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று 1905இல் அமைந்த மில்ஸ் குழு விசாரித்து முடிவு சொன்னது. அந்த 1839இல் டபுள்டே வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். தலபுராணம் பொய்த்தாலும் தலம் நிலைத்துவிட்டது.

புகழரங்கத்தில் இடம்பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் முதல் தேர்தல் 1936இல் நடந்தது. 226 பத்திரிகையாளர்கள் வாக்களித்தார்கள். தேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். டை காப் 222, ரூத்தும் ஹோனஸ் வாக்னரும் ஆளுக்கு 215, கிறிஸ்டி மேத்யூசன் 205, வால்டர் ஜான்சன் 189. ரூத்துக்கு இடமில்லை என்று பதினொரு பேர் கருதியிருக்கிறார்கள். 511 வெற்றிகள் பெற்ற பிட்சர் (பந்துவீசுபவர்) சை யங் அந்த ஆண்டு தேறவே இல்லை. இன்று ஆண்டின் சிறந்த பிட்சருக்குக் கொடுக்கும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

வாக்காளர்கள் பின்னாளில் திருந்தினார்கள் என்பதற்கும் சான்றில்லை. 1979இல் வில்லி மேஸுக்கு 432 பேரில் 23 பேர் வாக்களிக்கவில்லை. ஒருவர்கூட விடாமல் எல்லோரும் ஒப்புக்கொண்ட முதல் ஆள் 2019இல்தான் வந்தார். அவர் ரூத்தோ மேஸோ ஹாங்க் ஆரோனோ அல்ல, பெரும்பாலும் கடைசி இன்னிங்ஸில் மட்டும் பந்துவீச வந்த மரியானோ ரிவேரா.

மக்களிடம் விட்டால் சரியாகுமா என்றால், 1999இல் அதையும் பார்த்தார்கள். ரசிகர்கள் வாக்களித்த நூற்றாண்டு அணியில் வாக்னருக்கும் ஸ்டான் மியூசியலுக்கும் இடம் கிடைக்கவில்லை. ஒரு நிபுணர் குழுவை உட்காரவைத்து இன்னும் மூவரோடு அவர்களைப் பின்வாசல் வழியாகச் சேர்த்தார்கள். 1936இல் ரூத்துக்குச் சமமாக வாக்கு வாங்கிய அதே வாக்னர்தான்.

3. மூலபாடச் சிக்கல்

எண்கள் பொய் சொல்லாது என்பார்கள். ஆகவே எண்களின் மூலபாடத்தைச் சோதிப்பது ஆய்வாளர் கடமை.

1910இல் சால்மர்ஸ் நிறுவனம், அதிக பேட்டிங் சராசரி எடுப்பவருக்கு ஒரு மோட்டார் கார் பரிசு என்று அறிவித்தது. போட்டி டெட்ராய்ட்டின் டை காப்புக்கும் கிளீவ்லாண்டின் நாப் லாஜோய்க்கும். முன்னிலை பத்திரம் என்று எண்ணிய காப், சீசனின் கடைசி ஆட்டங்களுக்கு இறங்கவில்லை. அக்டோபர் 9 அன்று செயின்ட் லூயிஸில் லாஜோய்க்கு ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். காப்பைக் கண்டால் ஆகாதவர்கள் எதிரணியில் இருந்தார்கள். மேனேஜர் ஜாக் ஓ'கானர், தன் புதுமுக மூன்றாம் பேஸ்காரரைப் புல்வெளி விளிம்பு வரை பின்னால் போய் நிற்கச் சொன்னார். லாஜோய் பந்தை மட்டையால் மெல்லத் தொட்டு அந்தப் பக்கம் உருட்டினார், ஓடினார், பேஸில் நின்றார். திரும்ப உருட்டினார், ஓடினார், நின்றார். மாலைக்குள் எட்டு ஹிட்; பெரும்பாலானவை இப்படி உருட்டியவைதான்.

லீக் தலைவர் பான் ஜான்சன் விசாரித்து, காப்புக்கு .385, லாஜோய்க்கு .384 என்று அறிவித்தார். ஓ'கானருக்கு வேலை போனது. கார் நிறுவனம் இருவருக்கும் ஆளுக்கொரு கார் கொடுத்துக் கைகழுவியது.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் பழைய பேரேடுகளைப் புரட்டியபோது, அந்த 1910 சீசனில் டெட்ராய்ட் ஆடிய ஓர் ஆட்டம் இருமுறை பதிவாகியிருந்தது தெரிந்தது. அந்த இடைச்செருகலால் காப்புக்கு இரண்டு ஹிட் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. 1981இல் செய்தி வெளியானது. மேஜர் லீக் நிர்வாகம் ஏடு திருத்த மறுத்தது. அன்றிலிருந்து காப்பின் வாழ்நாள் ஹிட்டுகளுக்கு 4,191, 4,189 என்று இரண்டு பாடங்கள்.

பாடபேதத்தின் விளைவு 1985 செப்டம்பரில் தெரிந்தது. பீட் ரோஸ் தம் 4,192ஆவது ஹிட்டை 11ஆம் தேதி சொந்த ஊரான சின்சினாட்டியில் அடித்தார். அரங்கமே எழுந்து நின்று கொண்டாடியது. திருத்திய பாடத்தின்படி அந்தச் சாதனை மூன்று நாள் முன்பே சிகாகோவில் உடைந்துவிட்டது.

4. வாதிடுவோர் வகைப்பாடு

*அ. கூட்டல் கட்சி.* வாழ்நாள் மொத்தத்தை நம்புவோர் இவர்கள். இவர்களின் தெய்வம் ஹாங்க் ஆரோன். 1974 ஏப்ரல் 8இல் ரூத்தின் 714ஐத் தாண்டி, 755 ஹோம் ரன்களில் நிறுத்தினார். கறுப்பினத்தவர் ஒருவர் ரூத்தை முந்துவதா என்று கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்த காலத்தில் செய்த சாதனை அது. இக்கட்சியின் வலுவான வாதம் ஒரு கழித்தல்: ஆரோனின் 3,771 ஹிட்டுகளிலிருந்து ஹோம் ரன் அனைத்தையும் எடுத்துவிட்டாலும் மூவாயிரத்துக்கு மேல் மிஞ்சும்.

*ஆ. உச்சக் கட்சி.* நீண்ட ஆயுள் ஒரு தகுதியா என்று கேட்போர். சாண்டி கூஃபாக்ஸ் மொத்தம் 165 ஆட்டங்களே வென்றவர்; முழங்கை வாதத்தால் 30 வயதில் ஓய்வு பெற்றார். ஆனால் கடைசி சீசனான 1966இல் மட்டும் 27 வெற்றி. முப்பத்தாறு வயதில் புகழரங்கம் போனார். உச்சம் வேறு, மொத்தம் வேறு என்று பிரித்துக் காட்டி இரு கட்சிக்கும் இலக்கணம் எழுதியவர் பில் ஜேம்ஸ். கேன்சஸில் உணவு டப்பாத் தொழிற்சாலையொன்றின் இரவுக் காவலராக இருந்தபடியே எழுதத் தொடங்கியவர்.

*இ. கால எந்திரக் கட்சி.* பழையவர்களை இன்றைய களத்தில் இறக்கிப் பார்ப்போர். 2018இல் ஆடம் ஒட்டாவினோ என்ற பிட்சர், ரூத் எதிரே நின்றால் ஒவ்வொரு முறையும் அவரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிவிடுவேன் என்று சொன்னார். அடுத்த மாதமே அவர் ஒப்பந்தம் செய்துகொண்டது ரூத்தின் பழைய அணியான யாங்கீஸுடன். விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

இக்கட்சியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ரூத்தின் காலத்தில் மொத்தம் பதினாறே அணிகள். செயின்ட் லூயிஸைத் தாண்டி மேற்கே ஒன்றுகூட இல்லை. இரவு ஆட்டம் மேஜர் லீகுக்கு வந்தது 1935 மே மாதம். ரூத்தின் கடைசி ஆட்டமும் அதே மாதம். இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு: ஒருவரை அவர் காலத்து ஆட்களோடுதான் நிறுக்கவேண்டும். 1920இல் ரூத் 54 ஹோம் ரன் அடித்தார். அமெரிக்கன் லீகின் மற்ற ஏழு அணிகளில் எந்த அணியும் மொத்தமாகச் சேர்த்துக்கூட அத்தனை அடிக்கவில்லை. இவ்விரு வாதங்களையும் சமரசம் செய்தவர் உயிரியல் அறிஞர் ஸ்டீவன் ஜே கூல்ட். ஆட்டத்தின் தரம் உயர உயர, சராசரி ஆளுக்கும் சிறந்த ஆளுக்கும் இடைவெளி சுருங்கும், அதனால்தான் .400 சராசரி அடிப்பவர்கள் மறைந்தார்கள் என்றார்.

*ஈ. 'மட்டும் இருந்திருந்தால்' கட்சி.* அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் .400ஐத் தாண்டிய கடைசி ஆள் டெட் வில்லியம்ஸ். 1941 சீசனின் கடைசி நாளன்று அவர் கணக்கு .39955, மூன்று தசம இடத்துக்குச் சுருக்கினால் .400. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலே போதும். அவர் இரண்டு ஆட்டமும் ஆடி எட்டில் ஆறு ஹிட் அடித்து .406இல் முடித்தார். பிறகு இரண்டாம் உலகப் போரும் கொரியப் போரும் அவருடைய ஐந்து சீசன்களின் பெரும்பகுதியை விழுங்கின. ஆடாத ஆட்டங்களில் அவர் எடுத்த எண்கள் ஆண்டுதோறும் வளர்ந்து வருகின்றன.

*உ. அச்சக் கட்சி.* எதிரி எவ்வளவு பயந்தான் என்பதே அளவு. 1998 மே 28: அரிசோனா 8, சான்பிரான்சிஸ்கோ 6. கடைசி இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட், மட்டையோடு பேரி பாண்ட்ஸ். அரிசோனா மேனேஜர் பக் ஷோவால்ட்டர், பாண்ட்ஸை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பி ஒரு ரன்னைத் தானமாகக் கொடுத்தார். அடுத்தவர் அவுட், அரிசோனா 8-7இல் வென்றது. 2004இல் பாண்ட்ஸை இப்படி 120 தடவை அனுப்பினார்கள். 762 ஹோம் ரன்னும் ஏழு முறை லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவர் பெயரில் உள்ளன. ஊக்கமருந்துக் கறை காரணமாக 2022இல், பத்திரிகையாளர் வாக்கெடுப்பின் கடைசி வாய்ப்பில், 66 விழுக்காட்டோடு நின்றார்.

*ஊ. ஒற்றை எண் கட்சி.* எல்லாத் திறமைகளையும் 'வார்' என்ற ஒரே எண்ணுக்குள் அடைப்போர். எந்த அணிக்கும் சுலபமாகக் கிடைக்கும் ஒரு சாதாரண மாற்று ஆளைவிட இவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்பது கணக்கு. அந்த மாற்று ஆளை யாரும் பார்த்ததில்லை. அவருடைய தகுதி எவ்வளவு என்பதில் இக்கணக்கைப் போடும் இரண்டு முக்கிய நிறுவனங்கள் உடன்பாட்டுக்கு வந்ததே 2013இல்தான்.

5. வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்கள்

இதுவரை சொன்ன எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. 1947 ஏப்ரல் 15இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும்வரை, இருபதாம் நூற்றாண்டு மேஜர் லீகில் கறுப்பின ஆட்டக்காரர் எவருக்கும் இடமில்லை. காப்பும் ரூத்தும் தம் காலத்தின் எல்லாப் பிட்சர்களையும் எதிர்கொண்டவர்கள் அல்லர். கறுப்பினத்தவருக்கென்று தனியே நடந்த நீக்ரோ லீகுகளின் பெரும் பேட்டர் ஜாஷ் கிப்சன், ராபின்சன் வருவதற்கு மூன்று மாதம் முன்பு 35 வயதில் இறந்துபோனார்.

2024 மே மாதம் 1920 முதல் 1948 வரையான நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்தது. ஒரே நாளில் வாழ்நாள் சராசரியில் முதலிடம் காப்பின் .367இலிருந்து கிப்சனின் .372க்குப் போனது. அந்த லீகுகளின் சீசன்கள் குறுகியவை ஆயிற்றே என்றார்கள் சிலர். இந்த ஆட்சேபம் நமது நூற்பாவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. குறுகிய சீசனைக் குறை சொன்னவர்கள் காப்பின் இடைச்செருகலைப் பற்றி வாய் திறக்கவில்லை. இத்தனைக்கும் பில் ஜேம்ஸ் 2001லேயே, இந்தக் கணக்குகள் ஏட்டில் ஏறுவதற்கு வெகு முன்பே, தம் பட்டியலில் ரூத், வாக்னர், மேஸுக்கு அடுத்த நான்காம் இடத்தை நீக்ரோ லீகின் ஆஸ்கார் சார்ல்ஸ்டனுக்கும் ஒன்பதாம் இடத்தைக் கிப்சனுக்கும் கொடுத்திருந்தார்.

6. காலியிட அறிவிப்பு

1969இல் நடந்த வாக்கெடுப்பில், உயிரோடிருக்கும் ஆட்டக்காரர்களில் மாபெரும் ஆட்டக்காரர் என்ற பட்டம் ஜோ டிமாஜியோவுக்குக் கிடைத்தது. அப்போது வில்லியம்ஸ், மியூசியல், மேஸ், ஆரோன் அனைவரும் உயிரோடிருந்தார்கள். கடைசி இருவர் இன்னும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஆயினும் அடுத்த முப்பது ஆண்டுகள், எந்த விழா மேடையிலும் அந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் தம்மை அழைக்கவேண்டும் என்பதில் டிமாஜியோ கண்டிப்பாக இருந்தார். 1999இல் அவர் மறைந்தபின் பட்டம் பெரும்பாலோர் மனத்தில் மேஸிடம் போனது. மேஸ் 2024 ஜூன் 18 அன்று, 93 வயதில் காலமானார். பதவி இப்போது காலி.

பலமான விண்ணப்பங்கள் இரண்டு. ஒன்று பாண்ட்ஸுடையது. அதற்கான ஆட்சேபங்களை மேலே பார்த்தோம். மற்றது ஷோஹே ஒட்டானியுடையது. அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை. 2025 அக்டோபர் 17 அன்று, தம் அணியான டாட்ஜர்ஸை உலகத் தொடருக்கு அனுப்பிய ஆட்டத்தில், பிட்சராக நின்று பத்துப் பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். பேட்டராக நின்று மூன்று ஹோம் ரன் அடித்தார். மட்டை, பந்து இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தவர் உலகில் ஒருவர்தான் என்பது ஒட்டானி வரும்வரை ரூத் கட்சியின் பிரம்மாஸ்திரமாக இருந்தது. அக்கட்சி அயர்ந்துவிடவில்லை. இரண்டும் செய்தால் போதுமா, பிட்சராக எத்தனை ஆட்டம் வென்றார் என்று கேட்கிறது. ரூத்தின் கணக்கு 94.