பச்சைத் தண்ணீர்

வில்கமுவவில் தம்பி வீட்டுக்குப் பின்னால் இப்போது ஒரு நீச்சல் தடாகம் இருக்கிறது. வஸ்கமுவவுக்கு யானை பார்க்க வருகிற விருந்தாளிகளுக்காகக் கட்டியது. போன ஆவணியில் நான் போய் இறங்கியபோது அது இலைக்கஞ்சி நிறத்தில் கிடந்தது.

அதே வளவில்தான் அப்பா காலத்துக் கிணறும் இருக்கிறது. கோடையில் தண்ணீர் கீழே போனதும் ஒருநாள் விடியற்காலையில் கிணறு இறைப்போம். கிணற்றுக்குள் இறங்கக்கூடியவர்களில் ஆகச் சிறியவன் என்பதால் கயிற்றைக் கட்டி என்னைத்தான் இறக்குவார்கள். கையில் தேங்காய்த் தும்பு, காலடியில் குளிர்ந்த சேறு, தலைக்கு மேலே ஒரு தட்டளவு வானம், அந்தத் தட்டின் விளிம்பில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் அம்மாவின் முகம். சுவரில் பாசியைத் தேய்க்கத் தேய்க்க எழும் அந்தப் பச்சை மணம், மேலே வந்ததும் கிடைக்கும் வெறுந்தேநீர், உள்ளங்கையில் ஒரு கடி கித்துள் கருப்பட்டி. கிணறு இறைத்த வீட்டுப் பிள்ளைகள் எவருக்கும் இது மறந்திருக்காது. ஊறும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் பக்கத்து வளவுச் சிங்கள மாமா இங்கினி விதை கொண்டு வருவார். நாங்கள் தேத்தாங்கொட்டை என்போம். குடத்தின் உட்புறத்தில் அதைத் தேய்த்துத் தண்ணீரை ஊற்றி வைத்தால், விடிவதற்குள் மண் அடியில் படிந்துவிடும்.

தம்பியிடம் விதை இல்லை, வாளி நிறைய வெள்ளை மாத்திரைகள் இருந்தன. பாசி கூடக் கூட மாத்திரையையும் கூட்டியிருக்கிறான். சோதித்துப் பார்த்தால் குளோரின் 3 பிபிஎம், கணக்குக்குச் சரி. பாசி மட்டும் அசையவில்லை. மாத்திரையில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் காப்பது அதுதான். ஆனால் குளோரின் செலவாகிப் போக, அது போகாமல் தண்ணீரிலேயே சேர்ந்து, மிஞ்சிய குளோரினையும் கட்டிப்பிடித்து வைத்துக்கொள்கிறது. அது 100 பிபிஎம்மைத் தொட்டுவிட்டால் குளோரின் 7.5 ஆவது வேண்டும். அதைக் குறைக்கத் தண்ணீரை மாற்றுவதே நல்ல வழி.

பாதியைத் திறந்துவிடவேண்டி வந்தது, 24,000 லீட்டர். சிறுநீரக நோய்க்குப் பயந்து குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் ஊரில், அதுவும் கோடையில், அது ஓடியதைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. குளோரின் இறங்கும்வரை காத்திருந்து தென்னைகளுக்கு விட்டோம். பிறகு எல்லாரும் உள்ளே இறங்கிப் புருசால் தேய்த்தோம். சீமெந்தின் நுண்துளைகளில் வேர் பிடித்ததுபோல் ஒட்டியிருந்த பாசி, தேய்க்காமல் எந்த மருந்துக்கும் விடாது. பவுசரில் தண்ணீர் வந்த பின், வெயில் சாய்ந்ததும் திரவக் குளோரின் ஊற்றினோம். எங்கள் கடினத் தண்ணீருக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டால் சுண்ணாம்பு கூடிக் கலங்கிவிடும்.

தேய்க்கும்போது தம்பி மகன், “பெரியப்பா, கிணறு இதைவிட ஆழமா?” என்று கேட்டான். கூட்டிப்போனேன். இரும்பு வலை மூடி, அதற்குள்ளால் ஒரு மோட்டர்க் குழாய். இருவருமாக மூடியைத் தள்ளி எட்டிப் பார்த்தோம். நான் தேய்த்த உயரத்துக்கும் மேலே, இரண்டு சிறு பன்னச் செடிகளோடு, பாசி நல்ல பச்சையாக வளர்ந்திருந்தது.