மேசைமேல் ஒரு கழுதை

எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு மாதமாகச் சாப்பாடு கிடையாது. ஐ-16 இருக்கிறது. 1933 டிசம்பர் கடைசியில் முதன்முதலாகப் பறந்த சோவியத் சண்டை விமானம். நிஜத்தில் இறக்கை அகலம் 9 மீட்டர். என்னுடையது 48இல் ஒரு பங்கு மாதிரி, 19 சென்டிமீட்டர்கூடத் தேறாது. அதற்கு ஆறு பேர் உட்காரும் மேசை எதற்கு என்று வீட்டில் கேள்வி. ஐ-16ஐ வடிவமைத்த பொலிகார்ப்போவ் 1929இல் கைதாகி, சிறைக்குள் இருந்தபடியே ஐ-5 விமானத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். எனக்கு மேசை இருந்தும் சுலபத்தில் முடியவில்லை.

"சரித்திரத்திலிருந்து இம்மி பிசகாது" என்று பெட்டியைப் பிரித்த அன்றே வாயைக் கொடுத்துவிட்டேன். முதல் வினை பச்சை. அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அதில் எந்தப் பச்சை என்று கண்டுபிடிப்பது? நான்கு விதம் கலந்து, சன்னலோரம் வைத்து ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். மேட்சிங் பிளவுஸ் துணிக்கு அவள் அரை மணி எடுத்துக்கொண்டபோது கடை வாசலில் நான் விட்ட பெருமூச்சை மனைவி மறக்கவில்லை. "இது கிளிப்பச்சை, இது பாசி, இது வாழையிலை, இது நேத்து மிஞ்சின கொத்தமல்லிச் சட்னி" என்று ஒரே மூச்சில் தீர்ப்பு சொல்லிவிட்டுப் போனாள். சட்னியைத்தான் அடித்தேன்.

அடுத்தது விமானியின் கண்ணாடி மூடி. சட்டென்று ஒட்டும் பசையால் ஒட்டினேன். விடிந்து பார்த்தால் கண்புரை விழுந்தாற்போல் வெளுத்திருந்தது. கலங்கவில்லை. நிஜ விமானிகளுக்கே அந்த மூடி பிடிக்காமல், பின்னால் வந்த டைப் 10இல் அறையைத் திறந்தபடி விட்டுவிட்டார்கள். சரித்திரம் என் பக்கம்! மூடியைப் பிய்த்தேன். பிய்த்த பிறகுதான் உறைத்தது: மூடி போட்ட டைப் 5க்கு இயந்திரத் துப்பாக்கி இரண்டு, டைப் 10க்கு நான்கு. ரகசியமாகத் துடைப்பத்திலிருந்து இரண்டு ஈர்க்குச்சி உருவினேன்.

சக்கரங்களை உள்ளே இழுக்க நிஜ விமானி கைப்பிடியை 44 சுற்று சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற விமானம் தள்ளாடும். என்னுடையது சுற்றாமலே தள்ளாடுகிறது. ஒரு கால் குட்டை.

ஆனாலும் முடிந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பு இதை 'மோஸ்கா', அதாவது ஈ என்றது, எதிர்த்தரப்பு 'ராட்டா', எலி என்றது, ஓட்டிய ரஷ்யர்களோ 'இஷாக்', கழுதை என்றார்கள் என்று மனைவியிடம் பெருமையாக விளக்கினேன்.

"ஈயோ எலியோ கழுதையோ, சாப்பிடுற இடத்துல எதுக்குங்க?" என்றாள். கையில் துடைப்பம். அதில் இரண்டு ஈர்க்கு குறைவதை இன்னும் கவனிக்கவில்லை.