போர்டு போச்சு சார்!

அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால் சென்னையில் மாப்பிள்ளை மரியாதை ஏசி மெக்கானிக்குக்குத்தான். “பத்து நிமிஷத்துல வந்துடறேன் சார்” என்று போனில் சொன்னவர் மறுநாள் சாயங்காலம் வருவார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மோர் கொடுத்து ஃபேனுக்கடியில் உட்காரவைப்பார்கள்.

மெயின் ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போடுவார். ரிமோட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுவார். ஸ்டார் லேபிள் ஒட்டிய அறை ஏசிகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து தொடக்க அளவு 24 டிகிரி என்பது அரசு விதி; அவர் கட்டைவிரல் தானாக 18-க்கு இறங்கும். பீப் என்று சத்தம் வரும், உள்ளே ஃபேன் சுற்றும், வெளியே அவுட்டோர் அசையாது. கரன்ட் போய் வந்தால் கம்ப்ரஸர் உடனே கிளம்பாமல் மூன்று நிமிஷம்போலக் காத்திருக்கும்படி பல ஏசிகளில் ஏற்பாடே உண்டு. அதுவரை பொறுக்க அவருக்கு ஏது நேரம்?

“போர்டு போச்சு சார்.”

“செக் பண்ணாமலே எப்படிப்பா சொல்றே?”

“இத்தனை வருஷ சர்வீஸ் சார். சத்தத்தை வச்சே சொல்லிடுவேன்.”

“அவுட்டோர்தான் சத்தமே போடலையே?”

“அதைத்தான் சார் நானும் சொல்றேன்!”

பையில் ஸ்பானர், கட்டிங் பிளேயர், கேஸ் கேஜ் எல்லாம் இருக்கும். மல்டிமீட்டரும் இருக்கும், அதில் பேட்டரி இருக்காது. இருந்தால் வேலை சுலபம். அவுட்டோருக்குள் வெள்ளி டப்பாபோல் நிற்கும் கெபாசிட்டரில் 50 எம்.எஃப்.டி., கூடக் குறைய 5 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறது என்று வையுங்கள். மீட்டர் 30 காட்டினால் கம்ப்ரஸர் ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டு நின்றுபோவதற்கு அதுவே போதும். சில நூறு ரூபாய் சமாசாரம். கரன்ட்டை நிறுத்தி, உள்ளே தேங்கிய சார்ஜை இறக்கிவிட்டுக் கை வைத்தால் சீக்கிரமே மாற்றிவிடலாம்.

வெப்பநிலையைப் பார்க்கும் சென்சாரும் அப்படித்தான். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை பல ஏசிகளில் உண்டு. ஐஸ் தண்ணீரில் முக்கினால் 30-ஐ ஒட்டி ஏற வேண்டும். அதன் ஒயர் அறுந்திருந்தால், ஏசியை ஆட்டிவைக்கும் எலக்ட்ரானிக் போர்டு பாவம் என்ன செய்யும்? ஊட்டியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கம்ப்ரஸரை நிறுத்திவைக்கும். பொய்த் தகவல் கொடுத்தது சென்சார், பழி போர்டு மேல்.

இன்வெர்ட்டர் ஏசி வந்தபிறகு அவருக்குக் கொஞ்சம் கிலிதான். டிஸ்ப்ளேயில் E6 என்று மின்னும். ஒரு கம்பெனியில் அதற்கு ஓர் அர்த்தம், இன்னொன்றில் வேறு. சர்வீஸ் மேனுவலை அவர் கண்ணில் யார் காட்டினார்கள்? போட்டோ பிடித்து மெக்கானிக் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ஆளுக்கொரு பதில் வரும். அத்தனையையும் படித்து முடித்து, யாருமே சொல்லாத முடிவுக்கு வருவார்: போர்டு.

கஷ்டம் என்னவென்றால், சில சமயம் அது நிஜமாகவே போயிருக்கும். கதகதப்புக்கோ பூச்சிக்கோ அவுட்டோருக்குள் நுழைந்த பல்லி இரண்டு முனையை ஒன்றாக மிதித்து, தானும் கருகிப் போர்டையும் கருக்கிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் உப்புக் காற்று செம்பைப் பச்சை பூக்கவைக்கும். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! கருகிய பல்லியைக் குறட்டால் தூக்கி, வீட்டில் உள்ள குழந்தை குட்டிக்கெல்லாம் காட்டுவார். “நான் சொன்னப்போ நம்பலையே சார்.” அந்த ஒரு பல்லியின் புண்ணியத்தில் சீசன் முழுக்க ஓட்டிவிடுவார்.

மற்ற வீடுகளில் புதுப் போர்டு சில ஆயிரம் ரூபாய்க்கு வந்து இறங்கும். மாட்டுவார். அவுட்டோர் முனகும், நிற்கும். அவர் பதறவே மாட்டார். பையிலிருந்து ஒரு கெபாசிட்டரை எடுத்து மாற்றுவார். கம்ப்ரஸர் கம்மென்று ஓட ஆரம்பிக்கும்.

“இது ஃப்ரீ சார். நம்ம வீடு மாதிரி, இதுக்கெல்லாம் காசு வாங்க மாட்டேன்.”

வீட்டுக்காரர் நெகிழ்ந்துபோய்ப் பெட்ரோலுக்கென்று தனியாக இருநூறு கொடுப்பார். பழைய போர்டைப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டே அவர் சொல்வார்: “இந்தக் குப்பை உங்களுக்கு எதுக்கு சார், நானே போட்டுடறேன்.” அடுத்த தெருவில் ஒருவர் புதுப் போர்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்.