கைப்பேசிப் பூட்டுப்பை: திண்டுக்கல் மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

திண்டுக்கல்லைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் பூட்டில் தொடங்கிப் பிரியாணியில் முடிப்பது மரபு. இக்கட்டுரை பூட்டைத் தாண்டிப் போகாது. இதை முதலிலேயே தெரிவித்துவிடுவதுதான் ஆய்வு நாகரிகம். பசியோடு வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

ஆய்வுப் பொருள் ஒரு பை. கச்சேரிக்கோ நாடகத்துக்கோ வருகிறவரின் கைப்பேசியைப் பிடுங்காமல், அவர் மடியிலேயே இருக்கவிட்டு, ஆனால் அவர் விரல் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளும் பை. அமெரிக்காவில் கிரகாம் டுகோனி என்பவர் 2014-இல் தொடங்கிய யாண்டர் நிறுவனம் இதை ஊர் ஊராகக் கொண்டுபோனது. டேவ் சாப்பலின் நகைச்சுவை அரங்குகள், மடோனாவின் 2019 மேடம் எக்ஸ் கச்சேரிகள், பாப் டிலனின் அண்மைக்காலக் கச்சேரிகள் என்று பரவி, பிறகு பள்ளிக்கூட வாசலுக்கும் வந்து சேர்ந்தது. பூட்டு விஷயத்தில் உலகத்தில் எங்கே எது நடந்தாலும் திண்டுக்கல்லுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வதுதான் முறை. பத்தாண்டுக்கு மேலாகியும் யாரும் சொல்லவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் கருவியைப் பார்ப்போம். பை நியோப்ரீன் என்னும் ரப்பர் துணியால் ஆனது. கடலில் முக்குளிப்பவர்கள் உடுத்தும் அதே துணி. பையின் வாயில் ஒரு பக்கம் தடித்த ஊசி, எதிர்ப்பக்கம் வட்டமான ஒரு குமிழ். ஊசியைக் குமிழுக்குள் அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பை பூட்டிக்கொண்டது. இந்த வகைப் பூட்டின் குமிழுக்குள் கூம்பு வடிவத்தில் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் சைக்கிள் கடைக்காரர் பால்ரஸ் என்று சொல்லும் ரகத்தில் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள். அவற்றைக் கூம்பின் குறுகிய பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு ஸ்பிரிங். ஊசி உள்ளே போகும்போது குண்டுகள் பின்வாங்கி வழிவிடும். வெளியே இழுத்தால் ஊசியோடு சேர்ந்து குறுகிய பக்கத்துக்கு ஓடிவந்து அதன் கழுத்தை நெரிக்கும். இழுக்க இழுக்க இறுகும். நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஒரு காந்த மேடை இருக்கும். குமிழை அதில் வைத்தால், காந்தம் குண்டுகளை ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கீழே இழுக்கும், ஊசி கழன்றுவரும். ஜவுளிக்கடையில் பில் போட்ட பிறகு சுடிதாரிலிருந்து பிளாஸ்டிக் வில்லையைக் கழற்றுகிறார்களே, அதுவும் இதே சூட்சுமம்தான். கச்சேரிக்கு வருபவரையும் கடையில் துணி எடுப்பவரையும் ஒரே கண்ணோடு பார்க்கும் தொழில்நுட்பம் இது.

திண்டுக்கல் பூட்டின் சூட்சுமம் வேறு. மாங்காய்ப் பூட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே லீவர் என்னும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் தனி உயரம். சாவியின் பற்கள் ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். மயிரிழை கூடினாலும் நகராது, குறைந்தாலும் நகராது. அந்தப் பற்களை அரத்தால் கையாலேயே ராவி எடுப்பார்கள். தகடு கூடக் கூடத் திருடனுக்குக் கஷ்டம். ராவுகிறவர் கண்ணுக்கு அதைவிடக் கஷ்டம். 2019-இல் இந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் இதே மாவட்டத்துப் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. ஒன்று வாயைத் திறக்க வைப்பது, மற்றொன்று மூட வைப்பது என்பதைத் தவிர இரண்டுக்கும் உள்ள உறவு தனி ஆய்வுக்கு உரியது.

நாகல் நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில், அரம் பிடித்துக் காய்த்த கைகளோடு உட்கார்ந்திருந்த மூத்த தொழிலாளி ஒருவரிடம் இந்தப் பையைப் பற்றி விளக்கினேன். களஆய்வில் கிடைத்த ஒரே சான்று அந்த உரையாடல்தான் என்பதால் முழுமையாகவே தருகிறேன்.

“சாவி யார்ட்ட இருக்கும்?”

“சாவியே கிடையாதுண்ணே. காந்தம்தான்.”

“எல்லாப் பைக்கும் ஒரே காந்தமா?”

“ஆமாண்ணே.”

“அப்ப அது பூட்டு இல்ல தம்பி, கொக்கி.” அரத்தைக் கீழே வைத்தார். “பை யாரோடது?”

“நிகழ்ச்சி நடத்துறவங்களோடது.”

“போனு?”

“நம்மளோடதுதான்.”

“நம்ம பொருள நம்மகிட்டருந்தே பூட்டி, நம்ம கையிலயே குடுத்துர்றானா? கூலி யாரு குடுக்கிறது?”

“டிக்கெட் காசுல சேர்ந்துரும்ணே.”

“அப்ப அதையும் நாமதான் குடுக்கணும்” என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டார்.

ஆய்வின் மையக் கருதுகோள் இங்கேதான் கிடைக்கிறது. பூட்டுக்கு இதுவரை எதிரி திருடன். உடையவன் உள்ளே, திருடன் வெளியே, நடுவில் பூட்டு என்பதே பூட்டியலின் அடிப்படை. பூட்டுப்பையில் திருடனுக்கு வேலையே இல்லை. உடையவன்தான் சந்தேகத்துக்கு உரியவன். அவன் பொருளை அவனிடமிருந்து காப்பாற்றுவதே பூட்டின் கடமை.

இதை அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று ஏற்கத் தமிழ்க் குடும்பங்கள் இடம் தராது. மரப்பெட்டிக்குள் டிவி வந்த காலத்தில் அதற்கு இழுத்து மூடும் ஷட்டர் கதவும் பூட்டும் இருந்தன. முழுப் பரீட்சை வந்தால் சாவி அப்பாவின் சட்டைப் பைக்குப் போய்விடும். ஆனால் பூட்டுப்பைக்கு நேரடி மூதாதை டிவி அல்ல, தொலைபேசியேதான். வட்டச் சுழலி வைத்த கறுப்புப் போனின் எண் துளை ஒன்றில் விரல்நுனி அளவுக்கு ஒரு குட்டிப் பூட்டை மாட்டிவிட்டால் வட்டம் சுழலாது. எஸ்.டி.டி. பில்லுக்குப் பயந்த வீடுகளிலும், ஊழியர்களுக்குப் பயந்த கடைகளிலும் அது தவறாமல் தொங்கியது. மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம். நீங்களாக யாரையும் கூப்பிட முடியாது. பையில் அகப்பட்ட இன்றைய கைப்பேசிக்கு அந்தப் பாதிச் சுதந்திரமும் இல்லை: மணி அடிக்கும், எடுக்க முடியாது.

அந்தக் குட்டிப் பூட்டை வென்றவர்களும் இருந்தார்கள். சுழலி வட்டம் செய்யும் வேலை, இணைப்பை விட்டுவிட்டுத் துண்டிப்பது மட்டுமே: ஐந்துக்கு ஐந்து துண்டிப்பு, பூஜ்யத்துக்குப் பத்து. ரிசீவரை வைக்கும் இடத்திலுள்ள பொத்தானைச் சீரான தாளத்தில் தட்டினாலும் எக்ஸ்சேஞ்சுக்கு அதே கணக்குதான். பூட்டைத் தொடாமலேயே எண் போய்ச் சேரும். கை நடுங்கினால் வேறு யார் வீட்டு மணியோ அடிக்கும். மிருதங்கம் பழகிய பிள்ளைகள் இதில் சிறந்து விளங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பூட்டுப்பையை வெல்லும் வழிகளில் இந்தக் கலைநயம் இல்லை. கத்தரிக்கோல் போதும். வலுவான காந்தம் வாங்கி வைத்துக்கொள்வோரும் உண்டு. பள்ளி மாணவர்களின் வழி எல்லாவற்றிலும் மேலானது: பழைய, செத்த போன் ஒன்றைப் பையில் போட்டுப் பவ்வியமாகப் பூட்டவைத்துவிட்டு, உண்மைப் போனை வேறிடத்தில் வைத்துக்கொள்வது. திண்டுக்கல்லுக்கு இது புதிதல்ல. மலைக்கோட்டைக்கு மதில் உண்டு, வாசல் உண்டு, உச்சியில் கோயிலும் உண்டு. ஆனால் அந்தக் கோயிலுக்குரிய அபிராமி அம்மன் கீழே ஊருக்குள் இருக்கிறாள்.

இந்த மாவட்டத்தில் கைப்பேசியைப் பிரிந்திருக்கும் சோதனை பெரிய அளவில் நடக்கும் இடம் பழனி. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொன்னது. அதன்படி பழனி மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் தடை. படிப்பாதை, வின்ச், ரோப் கார் நிலையங்களில் காப்பகம் வைத்துப் போன் ஒன்றுக்கு 5 ரூபாய் வாங்கினார்கள். பையும் இல்லை, காந்தமும் இல்லை; கொடுத்தால் ரசீது, ரசீதைக் கொடுத்தால் போன்.

மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். இல்லை. காப்பகத்தில் போன் போய்விடுகிறது. மனிதர் தனியாக மலையேறுகிறார். மொட்டைக்கு உட்காருகிறவர் முகத்தில் காணாத கலக்கத்தைப் போனைக் கொடுக்கிறவர் முகத்தில் காணலாம். முடி தானாக வளரும் என்ற தைரியம்தான் காரணம். மேலே போன பிறகு, கை தன்பாட்டுக்குச் சட்டைப் பையைத் தடவும். ஒன்றும் அகப்படாமல் திரும்பும். பிறகு மறந்தே போகும். பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்பார்கள். கூட்டத்தில் பிரிந்துபோனால் எங்கே சந்திப்பது என்று முன்கூட்டியே பேசி வைப்பார்கள். தம் மனைவியின் எண் தமக்கு மனப்பாடமில்லை என்ற உண்மையை அறிந்து திகைப்பவர்களும் உண்டு.

பூட்டுப்பைக்காரருக்கு இந்த விடுதலை இல்லை. போன் மடியில்தான் இருக்கிறது. நியோப்ரீன் அலைவரிசையைத் தடுக்காது. ஆகவே அது உள்ளே உயிரோடுதான் இருக்கிறது, அதிர்கிறது. யாரோ கூப்பிடுகிறார்கள். கடன்காரரா, சம்பந்தியா, ஒட்டன்சத்திரத்தில் வெங்காயம் ஏற்றிய லாரியா என்று தெரியாது. அரங்குக்கு வெளியே அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள். அங்கே போனால் பையைத் திறந்து பேசிவிட்டு வரலாம். ஆனால் எழுந்து போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதிலேயே பாதிக் கச்சேரி போய்விடும். சைலண்டில் போட மறந்தவர் பாடு இன்னும் மோசம். ஆலாபனையின் நடுவே கந்த சஷ்டி கவசம் ரிங்டோனாக எழும்பினால், உரியவராலும் அதை நிறுத்த முடியாது. பக்கத்துக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே ஆய்வாளன் தீர்ப்பு பழனிப் பக்கமே சாய்கிறது. பொருளைப் பிரிக்க வேண்டுமானால் பிரித்துவிட வேண்டும். கையிலே கொடுத்து வாயைக் கட்டுவது கொடுமை.

இருந்தாலும் ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுக்க மனம் வராமல், உள்ளூர் மாதிரி ஒன்றை வடிவமைக்க முயன்றேன். கெட்டி ரெக்சின் பை. வாயில் ஐந்து லீவர் மாங்காய்ப் பூட்டு. பைக்கொரு தனிச் சாவி. முதற்கட்டக் கணக்கிலேயே சில இடையூறுகள் தெரிந்தன. பூட்டின் எடை போனின் எடையைத் தாண்டுகிறது. ஆயிரம் பேர் வரும் மண்டபத்தில் ஆயிரம் சாவியை வளையத்தில் கோத்து ஒருவர் வாசலில் நின்றால், கடைசி ஆள் போனை வாங்கும்போது அடுத்த முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம் தொடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே சாவி வைத்தால் என்ன என்று பட்டறைப் பெரியவரிடம் கேட்டதற்கு, அதற்கு அந்தக் காந்தமே தேவலாம் என்றார்.

தனிச் சாவி என்றால் செய்து தருகிறாராம். பையின் வாய் எத்தனை அங்குலம், பாதி முன்பணம், இந்த இரண்டும் தெரிந்தால் போதும் என்றார். முதலாவதைச் சொல்லலாம் என்று பார்த்தால் ஆண்டுக்கு ஆண்டு போன்கள் அகலமாகிக்கொண்டே போகின்றன. இரண்டாவதற்காகப் பல்கலைக்கழக நல்கைக் குழு ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.