டவர் இல்லை: ஓர் ஆகுபெயர் ஆராய்ச்சி

கருவிகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்தி கடத்தும் அமைப்பைத் தமிழர் எச்சொல்லால் சுட்டுகின்றனர், எப்போது சுட்டுகின்றனர் என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வு எல்லை: பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, வங்கி, கல்யாண மண்டபத்துப் பந்தி. தரவு: காதில் விழுந்தவை. நெறியாளர்: எவரும் முன்வரவில்லை.

முன்னோர் செய்ததை முதலில் பார்ப்போம். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் 'நெட்வொர்க்' என்ற எளிய சொல்லை அதைவிடக் கடினமான சொற்களால் விளக்கி, இன்றளவும் கேலிக்கு ஆளாகிறார். நம் கலைச்சொல் குழுக்களுக்கு அவரே ஆதிகுரு என்க. 1974 டிசம்பரில் வின்ட் செர்ஃபும் தோழர் இருவரும் எழுதிய தொழில்நுட்பக் குறிப்பின் தலைப்பிலேயே 'இன்டர்நெட்' ஏறிவிட்டது. அதன் முதலெழுத்தைப் பெரிதாக எழுதுவதா, சிறிதாக எழுதுவதா என்று ஆங்கிலம் எழுதுவோர் நெடுங்காலம் மல்லுக்கட்டினர். அசோசியேட்டட் பிரஸ் 2016-இல்தான் சிறிதே போதும் என்று இறங்கிவந்தது. நம் நெடுங்கணக்கில் அந்த ஏற்றத்தாழ்வு இல்லாததால் அச்சண்டை நமக்கு வாய்க்கவில்லை. வேறு சண்டைகள் வாய்த்தன.

'நெட்வொர்க்'கை வலையமைப்பு என்றனர் சிலர், வலைப்பின்னல் என்றனர் சிலர். பிணையம் என்றோரும் உளர். மூன்றாவது சொல்லை எங்கும் சொல்லலாம், வங்கியில் மட்டும் சொல்லக் கூடாது. "பிணையம் இல்லை" என்றால் மேலாளர் கடன் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இவற்றை விட்டுவிட்டு ஊர் ஏற்றது, 'இன்டர்நெட்'டுக்கு ஆக்கிய 'இணையம்' ஒன்றையே. அதையும் நாளேடுகள் சும்மா விடவில்லை. கலவரம் வந்தால் 'இணையதள சேவை துண்டிப்பு' என்று எழுதுகின்றன. எந்தத் தளம் என்று கேட்பாரில்லை. போதாக்குறைக்கு, கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரத்தில் இனயம் என்றொரு மீனவ ஊர் இருக்கிறது. அங்கே துறைமுகம் கட்ட 2016-இல் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தபோது மீனவர்கள் எதிர்த்துப் போராடினர். சில ஏடுகள் ஊர்ப்பெயரை 'இணையம்' என்றே அச்சிட்டன. அந்தத் தாள்களைப் புரட்டும் வருங்கால ஆய்வாளர், வலையை நம்பிப் பிழைத்தவர்களே இணையத்தை எதிர்த்தனர் என்று முனைவர் பட்டம் வாங்குவது உறுதி.

இனி நம் கருதுகோள். மக்கள் வழக்கில் இவ்வமைப்புக்குரிய சொற்கள் யாவும் அது இல்லாதபோது மட்டுமே பிறக்கின்றன. படம் ஓடும்போது "ஆகா, டவர் இருக்கிறது" என்று வியந்தவர் இலர். நின்றபின்தான் பெயர் தேவைப்படுகிறது. என்னை? பழியை யார் தலையில் இறக்குவது என்று தீர்மானித்தாக வேண்டுமே, அதனால் என்க. "டவர் இல்ல" என்றால் குற்றவாளி செல்போன் கம்பெனி. "சர்வர் டவுன்" என்றால் கண்ணுக்குத் தெரியாத மேலிடம். ரேஷன் கடைக்காரர், இ-சேவை மையத்தார் எல்லோரும் அக்கணமே நிரபராதிகள். வங்கியின் "லிங்க் இல்லை" இன்னும் நுட்பமானது. அதில் குற்றவாளியே கிடையாது, எல்லாம் விதி. "டேட்டா தீர்ந்துபோச்சு" என்பதோ குடும்ப வழக்கு. பெரும்பாலும் பிள்ளைகளே பிரதிவாதிகள்.

அதே டவர் பிரதிவாதிக்கும் பயன்படும் என்பதை மறக்கலாகாது. கடன் கொடுத்தவர் காலையிலிருந்து கூப்பிட்டிருந்தால், "டவர் இல்லாத இடத்துல இருந்தேங்க" என்ற வாக்கியம் எடுபடுவதுபோல் வேறெதுவும் எடுபடுவதில்லை.

இலக்கணம் என்ன சொல்கிறது? "யாழ் கேட்டு மகிழ்ந்தாள்" என்பதில் யாழ் என்னும் கருவியின் பெயர் அதில் பிறந்த இசைக்கு ஆகிவந்தது. எனவே கருவியாகுபெயர் என்று பள்ளியில் படித்தோம். "டவர் வரல" என்பதும் அதுவே. கோபுரம் நட்ட இடத்தில்தான் நிற்கிறது, வராதது அலை. "வைஃபையைத் துடைத்து வை" என்று அம்மா சொன்னால், உள்ளிருப்பதன் பெயர் அதைத் தாங்கும் பெட்டிக்கு ஆகிவந்தது. "பாலை இறக்கு" என்னும் தானியாகுபெயரோடு இதைச் சேர்க்க. "சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது" என்பதற்கு எழுவாய் யாது என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை. தோன்றா எழுவாய் என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளலாம்.

'சர்வர்' தனி ஆராய்ச்சிக்கு உரியது. 1964-இல் நாகேஷ் 'சர்வர் சுந்தரம்' ஆன காலந்தொட்டு நாம் அறிந்த சர்வர் தோளில் துண்டோடு இட்லி கொண்டுவருபவர். இன்று ரேஷன் கடை வரிசையில் "சர்வர் வரலம்மா, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். பொருள் திரிந்தது என்பர் சிலர். அன்று. ஓட்டலிலும் ரேஷன் கடையிலும் அவ்வாக்கியத்தின் பயன் ஒன்றே: சோறு தாமதம்.

திசைச்சொற்களும் உண்டு. கேரளத்தில் போவது 'ரேஞ்ச்'. மலேசியாவில் 'லைன்'. இலங்கைத் தமிழர் 'கவரேஜ்' இல்லை என்பர். பெயர் வேறாயினும் எல்லா ஊரிலும் கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பதே மரபு.

நம் கருதுகோளுக்கு வலுவான சான்று தமிழ்நாட்டில் இல்லை, கலிபோர்னியாவில் இருக்கிறது. இணையத்தின் மூதாதையான அர்ப்பாநெட்டில் 1969 அக்டோபர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு 'லாகின்' என்ற ஐந்தெழுத்துச் சொல்லை அனுப்ப முயன்றனர். இரண்டெழுத்து போய்ச் சேர்ந்தது. உடனே அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது. ஆக, அமைப்பு பிறந்த அன்றே அதற்கான வினைச்சொல்லும் பிறந்தது. ரேஷன் கடைக்காரர் சொல்வது புதிதன்று, தொன்மரபு.

ஆதலால் கலைச்சொல் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்தச் சொல்லை ஆக்கினாலும், அதன் பின்னால் 'இல்ல', 'போச்சு', 'வரல' மூன்றையும் ஒட்டி, ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். வாய் தடுக்கினால் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.